ஆர்க்கிட் விதைக் குடுவையில் வெளிச்சக் கோளாறுகள்: அறிகுறி கண்டு காரணம் அறிதல்

ஆர்க்கிட் விதையைக் குடுவையில் தூவிவிட்டுக் காத்திருப்பவர்கள், அது எதிர்பார்த்தபடி முளைக்காதபோது முதலில் கைவைப்பது விளக்கின் மீதுதான். இன்னொரு குழல்விளக்கைச் சேர்ப்பார்கள், அல்லது குடுவையைத் தூக்கி ஜன்னலோரம் வைப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். நெல்லில் முளைசூழ்தசையும் அவரையில் பருத்த விதையிலைகளும் செய்கிற, முளைக்கு உணவூட்டும் வேலையைச் செய்ய ஆர்க்கிட் விதையில் எதுவும் இல்லை; தூசு போன்ற அந்த விதைக்குள் இருப்பது வேர், தண்டு என்று இன்னும் பிரியாத ஒரு செல் உருண்டையும் அதைச் சுற்றிய மெல்லிய உறையும் மட்டுமே. காட்டில் அந்த உருண்டைக்கு உணவூட்டுவது ஒரு பூஞ்சை என்பதை 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகர் ஊடகத்தில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழால் ஆன வளர்ப்புப் பொருளில்) விதையை முளைக்க வைக்கலாம் என்பதை 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். நாம் இன்று குடுவையில் செய்வது நட்சன் வழியைத்தான்.

ஆகவே முதல் சில வாரங்களில் விதை சாப்பிடுவது ஊடகத்திலுள்ள சர்க்கரையை. அந்தக் கட்டத்தில் வெளிச்சம் அதற்கு உணவாவதில்லை. தான் எங்கே விழுந்திருக்கிறோம், மண்ணுக்குள்ளா மரப்பட்டையின் மேலா என்று அதற்குத் தெரிவிப்பதோடு சரி. பச்சை பிடித்து இலை விரிந்த பிறகே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக உணவின் பங்கை ஏற்கிறது, குடுவையை விட்டு வெளியே வந்த பிறகே அது முழு உணவாகிறது. விதை, புரோட்டோகார்ம் எனப்படும் பச்சை உருண்டை, இலைவிட்ட நாற்று, வெளியே நட்ட நாற்று ஆகிய நான்கையும் ஒரே அடுக்கில், ஒரே விளக்கின் கீழ் வைத்து வளர்ப்பதுதான் கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் என்பது என் கருத்து. மீதியில் கணிசமானவை வெளிச்சத்தின் மேல் பழி விழுந்தாலும் வெளிச்சத்தால் வந்தவை அல்ல. அவற்றைப் பிரித்துக் காட்டவும் முயன்றிருக்கிறேன்.

தொடங்குமுன்: அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து வெளிச்சத்தை மதிப்பிட முடியாது. நம் கண்மணி சுருங்கியும் விரிந்தும் வேறுபாட்டை மறைத்துவிடும். கைபேசிச் செயலி காட்டும் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவலகு) எண் துல்லியமானதல்ல என்றாலும், ஒரே கைபேசியை ஒரே விதமாகப் பிடித்து அளந்தால் அடுக்கின் நடுவுக்கும் மூலைக்கும் உள்ள வேறுபாட்டை அது நன்றாகவே காட்டும். ஊடகத்தின் மேற்பரப்பு இருக்கும் உயரத்தில், கைபேசியின் முகம் விளக்கை நோக்கியிருக்க அளக்க வேண்டும். குடுவையின் மூடி ஒளிபுகாத் தகரமாகவோ பஞ்சு அடைப்பாகவோ இருந்தால் உள்ளே விழுவது பக்கவாட்டு வெளிச்சம் மட்டும்தான் என்பதையும், மூடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுக்கின் மேல்தட்டில் பொருத்திய இரண்டு நான்கடி எல்.இ.டி. குழல்விளக்குகள், முப்பது நாற்பது சென்டிமீட்டர் கீழே பொதுவாக 1,500 முதல் 2,500 லக்ஸ் வரை தரும். பெரும்பாலான மரவாழ் ஆர்க்கிட் நாற்றுகளுக்குக் குடுவைக்குள் அது போதும். சில நூல்கள் லக்ஸில் பேசாமல், செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் மைக்ரோமோலில் பேசும். வெள்ளை எல்.இ.டி. ஒளியானால் லக்ஸ் எண்ணை ஏறத்தாழ 70-ஆலும், வெயிலானால் 54-ஆலும் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் மைக்ரோமோல் கணக்குக் கிடைக்கும். 2,000 லக்ஸ் என்பது சுமார் 30 மைக்ரோமோல். நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ், அதாவது ஏறத்தாழ 1,900 மைக்ரோமோல். ஜன்னலோரக் குடுவை ஏன் தாங்காது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதுமான விளக்கம்.

விதை தூவி இரண்டு மாதமாகியும் எந்த மாற்றமும் இல்லை

முதலில் கேட்க வேண்டியது, இது மரத்தில் வாழும் இனமா, மண்ணில் வாழும் இனமா என்பதுதான். டென்ட்ரோபியம், வாண்டா, ஃபாலினாப்சிஸ், கேட்லியா போன்ற மரவாழ் இனங்களின் விதை மரப்பட்டையின் இடுக்கில், அரைகுறை வெளிச்சத்தில் முளைத்துப் பழகியது. இவற்றில் பெரும்பாலானவை வெளிச்சத்திலும் முளைக்கும், இருட்டிலும் முளைக்கும். வெளிச்சத்தில் முளைத்தால் உடனே பச்சை பிடிக்கும் என்பதே வேறுபாடு. இத்தகைய இனங்களில் உயிருள்ள விதை ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் உப்பத் தொடங்கி, நான்கைந்து வாரத்தில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியவில்லையென்றால் வெளிச்சத்தைச் சந்தேகிக்காதீர்கள். காய் முற்றாமல் பறிக்கப்பட்டிருக்கலாம், கருவே இல்லாத வெற்று உறைகளாக இருக்கலாம், அல்லது கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்திய ஹைப்போகுளோரைட் (சலவை வெளுப்பான்) கரைசலில் அதிக நேரம் கிடந்து கருவும் செத்திருக்கலாம். மிச்ச விதையில் ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் பார்த்தால், உறையின் நடுவே முட்டை வடிவில் கரு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைத்தால் உயிருள்ள கரு சிவக்கும். நிறமேறாத கருவுக்கு எந்த விளக்கும் உயிர் கொடுக்காது.

மண்வாழ் இனங்களின் கதை வேறு. அந்த விதை மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கி, பூஞ்சையைச் சந்தித்து, வெளிச்சமே காணாமல் மாதக்கணக்கில் வளர்ந்து பழகியது. வெளிச்சம் படுகிறது என்றால் தான் இன்னும் மண்ணின் மேல், காய்ந்துபோகும் இடத்தில் கிடக்கிறோம் என்று அதற்குப் பொருள். எனவே அது முளைப்பை ஒத்திப்போடுகிறது. குளிர்நாடுகளின் சிப்ரிபீடியம், டாக்டிலோரைசா போன்றவற்றிலும், ஹாபினேரியா இனங்கள் சிலவற்றிலும் வெளிச்சம் முளைப்பைத் தடுப்பது நன்கு அறியப்பட்டது. நம் அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாபியோபீடிலம் ட்ரூரியை உள்ளடக்கிய செருப்பு ஆர்க்கிட் பேரினத்தையும் இருட்டில் தொடங்குவதே வழக்கம். வனிலாவும் இந்தப் பக்கம்தான்: கொடியாக மரமேறினாலும் அதன் விதை கறுத்த, கெட்டியான ஓடு உடையது, இருட்டும் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் கிடைத்தால்தான் ஓரளவேனும் முளைக்கும்.

எனினும் மண்ணில் வளர்வதெல்லாம் இருட்டை விரும்பும் என்று விதி எழுதிவிடக் கூடாது. வீட்டுத் தோட்டங்களில் எளிதாக வளரும் ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகாட்டா மண்வாழ் இனம்தான். அதன் விதை வெளிச்சத்தில் எந்தத் தயக்கமும் இன்றி முளைக்கும். பிளெட்டில்லாவும் அப்படியே. அறியாத இனம் கையில் கிடைத்தால், ஒரே காயின் விதையை ஆறு குடுவைகளில் தூவி, இரண்டை முழு இருட்டிலும், இரண்டை 500 லக்ஸுக்குக் குறைந்த மங்கலிலும், இரண்டை வழக்கமான அடுக்கிலும் வைப்பதே நான் பின்பற்றும் முறை. ஆறு குடுவை என்பது வீணல்ல. ஒரு காயில் பல ஆயிரம் முதல் சில லட்சம் வரை விதை இருக்கும்போது, அத்தனையையும் ஒரே முறையில் பந்தயம் கட்டுவதுதான் வீண்.

இருட்டில் வைத்தேன், அப்போதும் முளைக்கவில்லை

அது உண்மையில் இருட்டாக இருந்ததா என்று பாருங்கள். ஒற்றைச் சுற்று அலுமினியத் தாளில் ஊசித்துளைகள் இருக்கும், மடிப்பின் ஓரத்தில் வெளிச்சம் கசியும். இரட்டைச் சுற்றுச் சுற்றி, அதை மூடிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இருட்டு அலமாரியில் வைப்பதே பாதுகாப்பு. அதைவிட முக்கியமானது ஆவல். வாரம் ஒருமுறை தாளைப் பிரித்துக் கைவிளக்கு அடித்துப் பார்க்கிறவரின் விதை இருட்டில் இருப்பதாகச் சொல்ல முடியாது, ஏனெனில் விதையில் ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி மிகச் சிறிய அளவு வெளிச்சத்துக்கும் பதில் சொல்லக்கூடியது. பச்சை விளக்கில் பார்த்தால் பாதகமில்லை என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. பாதிப்புக் குறையும், அற்றுப்போகாது. நான் கூடுதலாக ஒரு குடுவையைச் 'சாட்சிக் குடுவை' என்று வைத்துக்கொண்டு அதை மட்டும் திறந்து பார்ப்பேன். மற்றவற்றை மூன்று மாதம் வரை தொடுவதில்லை.

இருட்டு உண்மையாக இருந்தும் முளைக்கவில்லையெனில் விதையுறையைக் கவனிக்க வேண்டும். மண்வாழ் இனங்களின் முற்றிய உலர்விதைக்கு நீர் புகாத உறை உண்டு. ஹைப்போகுளோரைட்டில் சற்று அதிக நேரம் ஊறவைப்பது கிருமிநீக்கத்துக்காக மட்டுமன்று, அந்த உறையை அரித்து வழிவிடுவதற்கும்தான். குளிர்நாட்டு இனங்களுக்கு இருட்டோடு சில மாதக் குளிர்ப்பதனமும் தேவைப்படும். இவை நிறைவேறாமல் இருட்டை மட்டும் நீட்டிப்பதால் பயனில்லை.

விதை உப்பியது, அதோடு நின்றுவிட்டது

இந்த அறிகுறிக்குக் காரணம் தேடும்போது பலர் தவறவிடும் ஒன்று, விதை தூவுவதற்கு முன் ஊடகம் எங்கே இருந்தது என்பது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தயாரித்த ஊடகக் குடுவைகளை இடமில்லாத காரணத்தால் நானே விளக்கு எரியும் அடுக்கில் ஒரு மாதத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தேன். அவற்றில் தூவிய டென்ட்ரோபியம் விதை உப்பி, வெளிறிய மணிகளாக நின்றது. அதே காயின் விதை, அலமாரிக்குள் இருந்த ஊடகத்தில் ஒழுங்காகப் பச்சை பிடித்தது. ஊடகத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் இ.டி.டி.ஏ. சேர்மம் வெளிச்சத்தில், குறிப்பாக நீல ஒளியில், சிதையும். சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் ஃபார்மால்டிஹைடும் உண்டாகின்றன, இரும்பும் செடிக்குக் கிடைக்காத வடிவில் படிந்துவிடுகிறது. இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற இயற்கை ஆக்சினும் (செடியின் வளர்ச்சி ஹார்மோன்) வெளிச்சத்தில் அழியும். அதற்குப் பதில் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

எனவே ஊடகம் எப்போதும் இருட்டில், குளிர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். நின்றுபோன மணிகளைப் புதிய ஊடகத்துக்கு மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் அவற்றில் ஒரு பகுதி மீளும். மீளாதபோது அடர்த்தியைப் பாருங்கள்: விதை மாவு பூசியதுபோல நெருக்கமாக விழுந்திருந்தால், மேலே உள்ளது கீழே உள்ளதற்கு நிழலாகவும் போட்டியாகவும் இருக்கும், அங்கே தேவை விளக்கல்ல, பரப்பி நடுவதுதான்.

உருண்டைகள் பெருக்கின்றன, ஆனால் வெள்ளையாகவே இருக்கின்றன

இருட்டில் முளைத்தவை வெள்ளையாக இருப்பது இயல்பு. சர்க்கரை இருக்கும்வரை அவை பச்சையமின்றியே பெருக்கும், ஆனால் அதிக நாள் விட்டால் முனை நீண்டு, வெளிறிய புழுவைப் போல் ஆகி, பின்னர் நிமிர்ந்த நாற்றாக மாறுவதில் தடுமாறும். உருண்டை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்து, மேல்முனையில் சிறு கூம்பு தெரியத் தொடங்கும்போதே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவரும் விதத்தில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். இருட்டிலிருந்து நேரே 2,000 லக்ஸுக்கு மாற்றினால், பச்சையம் கட்டி முடியும் முன்பே ஒளி அதைச் சிதைத்துவிடும். முதல் வாரம் குடுவையின் மேல் இரண்டு மூன்று வெள்ளைத் தாளைப் போர்த்தி 200 லக்ஸை ஒட்டிய மங்கலில் வையுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு தாளாக எடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் மேல்முனையிலிருந்து பச்சை இறங்கிவரும். செருப்பு ஆர்க்கிடுகள் இதற்கும் மெதுவானவை; அவற்றில் ஒரு மாதம் கழித்துப் பச்சை தெரிந்தால் அதை வெற்றியென்றே கொள்ளலாம்.

வெளிச்சத்தில் முளைத்தும் ஒரு குடுவையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மட்டும் பால்வெள்ளையாக இருந்தால், அவை மரபுவழியிலேயே பச்சையமற்றவையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவரை வாழ்ந்து பின் மடியும். எல்லாமே மஞ்சளித்து வெளிறியிருந்தால் மேலே சொன்ன இரும்புக் குறைவை முதலில் நினையுங்கள்.

பச்சையாக இருந்தவை வெளுத்துவிட்டன

அடுக்கின் எந்தப் பகுதியில் வெளுத்தன என்பதே இங்கே துப்பு. விளக்குக்கு நேர் கீழே உள்ள குடுவைகளில், அதுவும் மேலேறி நிற்கும் உருண்டைகளின் உச்சியில் மட்டும் வெளுத்திருந்தால் வெளிச்சம் மிகுதி என்பதில் ஐயமில்லை. குடுவைக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) குறைந்துவிடுகிறது. அதற்கு மேல் விழும் வெளிச்சத்தைச் செடியால் பயன்படுத்த முடியாது. பயன்படாத அந்த ஆற்றல் பச்சையத்தையே தாக்குகிறது. குடுவை நாற்றுக்கு 5,000 லக்ஸ் கொடுத்து விரைவாக வளர்க்கலாம் என்ற கணக்கு அதனால்தான் பொய்க்கிறது.

ஜன்னலோரத்தில் வெளுத்தவற்றைப் பற்றி ஒரு சொல். அங்கே கொன்றது பெரும்பாலும் ஒளியைவிட வெப்பமே. மூடிய கண்ணாடிக் குடுவையின் மீது நேர் வெயில் பட்டால் உள்வெப்பம் அறையின் வெப்பத்தைவிட வெகுவாக ஏறும். நாற்றுகள் ஒரே பிற்பகலில் வெந்த கீரை நிறத்துக்கு வந்துவிடும். அவற்றைக் காப்பாற்ற வழியில்லை. வடக்கு நோக்கிய ஜன்னலாக இருந்தாலும் சித்திரை முதல் ஆடி வரை காலையிலோ மாலையிலோ சாய்வெயில் எட்டிப்பார்க்கும் என்பதைத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

விளக்கு எரியும் நேரத்தையும் சரிபாருங்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் என்பது வழக்கம். இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிட்டால் வளர்ச்சி இரட்டிக்காது, சில இனங்களில் இலை மஞ்சளிக்கத் தொடங்கும். திருகிவைக்கும் பழைய வகை டைமர் மின்வெட்டின்போது நின்றுவிடும்; ஒரு மணி நேர வெட்டு ஒரு மணி நேரப் பின்னடைவு. இப்படிச் சில வாரம் கழிந்தால், இரவுக் குளிர்ச்சியில் எரியட்டும் என்று நீங்கள் வைத்த விளக்கு உச்சிவெயில் நேரத்துக்கு நகர்ந்திருக்கும். மின்கலம் உள்ள எண்ணியல் டைமருக்கு மாறுவது சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

ஊடகமும் உருண்டைகளும் பழுப்பாகின்றன

மாற்றி நட்ட சில நாளில் தொடங்கும் பழுப்பு, காயம்பட்ட திசுவிலிருந்து வெளிவரும் பீனால் சேர்மங்கள் காற்றில் ஆக்சிகரணம் அடைவதால் வருவது. வெளிச்சம் இதைத் தூண்டுமே தவிர, மூல காரணம் காயம்தான். மாற்றி நட்டவுடன் ஒரு வாரம் மங்கலில் வைப்பதும், ஊடகத்தில் லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் செயலூட்டிய கரி சேர்ப்பதும் நல்ல பலன் தரும். கரிக்கு இன்னொரு பயனும் உண்டு: ஊடகம் கறுப்பாவதால் வேர்ப்பகுதி இருட்டாகிறது, வேர் மேலே சுருண்டு அலையாமல் உள்ளே இறங்குகிறது. ஆனால் கரி ஹார்மோன்களையும் உறிஞ்சிவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதில் பொருளில்லை.

மாற்றி நடாமலே, பல மாதமான குடுவையில் மெல்லப் பரவும் பழுப்பு ஊடகம் தீர்ந்ததைக் காட்டுகிறது. புதிய ஊடகத்துக்கு மாற்றுங்கள். விளக்கைத் தொட வேண்டாம்.

நாற்று நெடுநெடுவென்று ஒல்லியாக வளர்கிறது

வெளிச்சக் குறைவின் நேரான அடையாளம் இது: இலை நீண்டு, குறுகி, வெளிர்பச்சையாகி, கணுக்கள் விலகி நிற்கும். அளந்து பார்த்து 800 லக்ஸுக்குக் கீழே இருந்தால் வாரத்துக்குச் சில நூறு லக்ஸ் வீதம் உயர்த்துங்கள். அளவு போதுமானதாக இருந்தும் இப்படி வளர்ந்தால் ஒளியின் நிறத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிவப்பு மட்டும் கொடுத்தால் தண்டும் இலையும் நீளும். நீலம் சேரும்போது செடி குட்டையாகி, இலை தடித்து, பச்சை கூடும். 'வளர்ச்சி விளக்கு' என்று விற்கப்படும் ஊதா நிற விளக்குகள் சிலவற்றில் சிவப்பின் பங்கு மிக அதிகம். என்னைக் கேட்டால், வீட்டு அடுக்குக்கு 4,000 முதல் 6,500 கெல்வின் வரையுள்ள சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கே மேல், அதில் நீலமும் சிவப்பும் போதிய அளவு உண்டு, நாற்றின் உண்மையான நிறத்தையும் நாம் பார்க்க முடியும். ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் இலையும் நலமுள்ள இலையும் ஒன்றுபோலவே கறுத்துத் தெரிவதால், நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே இழந்துவிடுகிறோம்.

இலையில் செம்பழுப்பு அல்லது ஊதா ஏறுகிறது

மிதமான அளவில் இது கோளாறல்ல. வெளிச்சம் மிகும்போது செடி தானே பூசிக்கொள்ளும் திரை இந்த நிறமி. பல இனங்களுக்கு இலையின் அடிப்புறத்தில் இது பிறவி நிறமும் ஆகும். பச்சை மறையும் அளவுக்கு நிறமேறி, வளர்ச்சியும் நின்றிருந்தால் விளக்கை நாற்றிலிருந்து சற்று மேலே தள்ளி வையுங்கள். அறை குளிர்ந்திருக்கிறதா, ஊடகத்தில் பாஸ்பரஸ் தீர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள்.

மூடியில் நீர் கோக்கிறது, இலை கண்ணாடிபோல் ஆகிறது

இதை வெளிச்சக் கோளாறு என்பதைவிட விளக்குக் கோளாறு என்பதே பொருத்தம். அடுக்குகளில் கீழ்த்தட்டின் விளக்கு மேல்தட்டின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் சூடு, பழைய குழல்விளக்காயின் சோக்கின் சூடும் சேர்ந்து, மேல்தட்டுக் குடுவைகளின் அடியைச் சூடாக்குகிறது. அடி சூடாகவும் மூடி குளிர்ச்சியாகவும் இருந்தால் ஊடகத்தின் நீர் ஆவியாகி மூடியில் படிந்து, நாற்றின் மேல் சொட்டும். தொடர்ந்து நீரில் ஊறும் இலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாகவும் எளிதில் முறிவதாகவும் மாறும். வெளியே நட்டால் அது பிழைக்காது. சோக்கை அடுக்குக்கு வெளியே எடுத்துவிடுங்கள், தட்டுக்கும் குடுவைக்கும் இடையே ஒரு தெர்மாகோல் தாளை விரியுங்கள், அறையில் சிறு மின்விசிறி சுழலட்டும். இந்த மூன்றும் செய்து ஒரு வாரத்தில் மூடி தெளிந்துவிடும்.

ஒரே காய், ஒரே ஊடகம், ஆனால் குடுவைக்குக் குடுவை வளர்ச்சி வேறு

குழல்விளக்கின் இரு முனைகளிலும் வெளிச்சம் நடுப்பகுதியைவிடக் குறைவு. அடுக்கின் ஓரத்தில் நிற்கும் குடுவைக்கு நடுவில் நிற்பதில் பாதிதான் கிடைக்கும். வாரம் ஒருமுறை குடுவைகளை இடம் மாற்றி, அரைச்சுற்றுத் திருப்பி வைத்தால் போதும். பழைய ஃப்ளோரசன்ட் குழல்கள் கருகாமலே மங்கிவிடும், எல்.இ.டி. மேல் தூசி படியும். துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் வேறுபாடு வியப்பூட்டும்.

வெளியே நட்ட நாற்றின் இலையில் வெள்ளைத் திட்டு

குடுவை நாற்றின் இலையில் மெழுகுப் படலம் மிக மெல்லியது. இலைத்துளைகளும் சரிவர மூடப் பழகியிருக்காது. 2,000 லக்ஸில் வளர்ந்த அதைத் திறந்த மாடியில், ஐம்பது விழுக்காடு நிழல்வலையின் கீழ் வைத்தால் நண்பகலில் 50,000 லக்ஸ் விழுகிறது, அதாவது இருபத்தைந்து மடங்கு. முதல் மாதத்துக்கு எழுபத்தைந்து விழுக்காடு வலையைக் குறைந்தது இரட்டையாகப் போட்டு, காற்றீரம் நிறைந்த இடத்தில் 3,000 முதல் 5,000 லக்ஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஃபாலினாப்சிஸும் செருப்பு ஆர்க்கிடும் அதற்கு மேல் அதிகம் கேட்பதில்லை. டென்ட்ரோபியத்தையும் வாண்டாவையும் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாக 10,000, 15,000 என்று உயர்த்தலாம்.

வெயில் எரிப்பா, அழுகல் நோயா என்பதில் குழப்பம் வேண்டாம். எரிப்பு, இலையின் மேல்நோக்கி வளைந்த பகுதியில் வெளுத்த திட்டாகத் தொடங்கி, காகிதம்போல் உலர்ந்து, அந்த அளவிலேயே நின்றுவிடும். அழுகல் நீர்கோத்த புள்ளியாகத் தொடங்கி நாளுக்கு நாள் பரவும், சில வேளை நாறும். ஐயம் இருந்தால் திட்டின் ஓரத்தைப் பேனாவால் குறித்து வைத்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். நண்பகலில் இலையைப் புறங்கையால் தொட்டுச் சூடு தெரிந்தால், திட்டு இன்னும் வராவிட்டாலும் நிழலைக் கூட்டிவிடுங்கள்.

நாற்றுத் தொட்டியில் பாசி படர்கிறது

ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து நிற்கும் இடத்தில் பாசி வரும். நிழலை மேலும் கூட்டினால் பாசியோடு நாற்றும் மெலியும் என்பதால், குறைக்க வேண்டியது நீரைத்தான்: காலையில் மட்டும் நீர் தெளித்து, மாலைக்குள் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் மேலே உலர்ந்து தெரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே போர்வைபோல் படர்ந்துவிட்டால் இடுக்கியால் உரித்தெடுப்பதைவிட, வேர் உடையாமல் நாற்றைக் கூட்டாகத் தூக்கிப் புதிய கரித்துண்டில் நடுவது எளிது. நட்டபின் ஒரு வாரத்துக்கு மறுபடியும் 3,000 லக்ஸ்.